தள்ளு

மாதம் பத்தாம் தேதி, கோத்தகிரி மார்க்கெட்டுக்கு மேலே
மருந்துக்கடையின் பின்னறையில்
சீட்டு நடத்துகிறேன்.
இருபது பேர், ஆளுக்கு ஐயாயிரம்.
அவசரம் உள்ளவர் தள்ளி எடுப்பார்.
மற்றவர்கள் கழிவைப் பங்கு பிரித்துக்கொள்வார்கள்.
எவ்வளவு தள்ளுகிறார் என்பதில்
ஆள் யாரென்று தெரிந்துவிடும் என்பேன்.
பதினாறு வருடமாய் அந்தத் திமிர் எனக்கு.

ஜீப் ஓட்டும் இன்னாசிமுத்து இரண்டாம் மாதமே எடுத்தான்.
எடுத்த கையோடு எல்லோருக்கும் வர்க்கியும் டீயும்.
மிச்சத்தில் ஜீப்புக்கு நீல விளக்கும் பாட்டுப்பெட்டியும்.
தவணை நாளில் தவறாமல்
மேட்டுப்பாளையத்தில் சவாரி வந்துவிடும்.
"அக்கா, அடுத்த வாரம்."
அந்தக் குரல் கடன் கேட்டால்
தொட்டபெட்டாவே இறங்கி வந்து கொடுக்கும்.

நர்ஸ் தெய்வானைக்குக் கடைசி மாதம்தான் வேண்டுமாம்.
பொறுமைசாலி என்றிருந்தேன்.
ஒருநாள் அவளே சொன்னாள்:
"பணம் எங்கிட்ட இருந்தா எனக்குத் தூக்கம் வராது.
உங்ககிட்ட இருந்தா
உங்களுக்குத்தானே வராது."

போஜண்ணன்
நோட்டைத் தருமுன் எண்ணுவார்,
தந்தபின் என் விரல்களை எண்ணுவார்.
டார்ச்சை வளைவில் மட்டும் போடுவார்,
நேர்ப்பாதைக்கு எதற்கு பேட்டரி.
கழிவுப் பங்கில் எட்டு ரூபாய் குறைந்ததென்று
மழையில் ஆறு கிலோமீட்டர் நடந்து வந்தவர்.
பதினோரு மாதம் ஏலத்தில் வாயே திறக்கவில்லை.

ஆடியில், கரண்ட் போன இரவில்,
பன்னிரண்டு என்றது ஒரு குரல்.
பதிமூன்று.
பதிமூன்றரை.
"முப்பது."
இன்னாசி மொபைல் வெளிச்சத்தைத் திருப்பினான்.
போஜண்ணன் கண் கூச உட்கார்ந்திருந்தார்.

முப்பதாயிரம் தள்ளி, என் கமிஷன் ஐந்து போக
அறுபத்தைந்து.
மூன்று முறை எண்ணினார்.
மகளுக்கா அண்ணா? ஆஸ்பத்திரிச் செலவா?
"சரியா இருக்கு" என்று மட்டும் சொல்லிக்
குடையை விரித்தார்.

குதிரை வாங்கியிருக்கிறார்.
ஊட்டிப் பந்தயத்தில் ஓடி முடித்தது,
செம்பழுப்பு, முன்னங்கால் ஒன்று தயங்கும்.
அவர் ஏறுவதில்லை.
டூரிஸ்ட் பிள்ளைகளை ஏற்றுவதும் இல்லை.
மாலையில் அரவேனு சாலையில்
பனிக்குள் இருவரும் நடந்து போகிறார்கள்,
யார் யாரைப் பிடித்திருக்கிறார் என்று தெரியாதபடி
கயிறு தொளதொளவென்று.

தன் தோட்டத்துக் கேரட்டை,
மண்டியில் தராசு முள்ளோடு சண்டை போடுவாரே
அதே கேரட்டை,
மண் துடைத்து ஒவ்வொன்றாய் நீட்டுகிறார்.
எண்ணுகிறாரா என்று உதட்டைப் பார்த்தேன்.
எண்ணவில்லை.

இன்னாசிக்குத்தான் பொறுக்கவில்லை.
"கொள்ளு, தவிடு, லாடம், வைத்தியம்,
மாசம் ஒம்பதாயிரத்து நானூறு அக்கா! பைத்தியம்!"
அவன் கணக்குப் போட்டு நான் பார்த்தது அன்றுதான்.
கடைக்காரர் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தார்,
ஒரு ரூபாய் பிசகவில்லை.
எனக்குத் தரவேண்டிய நாலு மாதம்
அதில் எங்கும் வரவில்லை.

முதல் சீட்டு, நடத்துகிறவளுக்கு.
எடுத்தேன். தள்ளாமல், முழுதாய்.
எதற்கென்று அன்றும் தெரியாது.
குக்கர் வந்த அட்டைப்பெட்டியில் கிடக்கிறது.
இன்னாசியின் ஐயாயிரத்தை
நாலு மாதமாய் அதிலிருந்துதான் கட்டுகிறேன்.
அவனிடம் சொன்னதில்லை.
நோட்டில் அவன் பெயருக்கு நேரே
வரவு என்று எழுதும்போது
கையெழுத்து மட்டும் கொஞ்சம் சாய்கிறது.
வேறொருத்தி இதைச் செய்திருந்தால்
அவளை ஒரே வரியில் சொல்லியிருப்பேன்.

இன்று பத்து.
குதிரையை வெளியே கட்டியிருக்கிறார்.
அதன் மூச்சில் ஜன்னல் கண்ணாடி வெளுக்கிறது,
தெளிகிறது, மறுபடி வெளுக்கிறது.
தெய்வானை மெல்ல எட்டிப் பார்த்து
அது எப்போது தூங்கும் என்று கேட்கிறாள்.
இன்னாசி வரவில்லை, சவாரி.
போஜண்ணன் தவணையை நீட்டுகிறார்,
என் விரல்களைப் பார்க்கிறார்.

சரி,
யார் தள்ளுகிறீர்கள்?